பதினொரு கோடுகள்

மருத்துவர் யன்ஜிமா திரையைத் திருப்பிக் காட்டினார்.
என் நெஞ்சுக்குப் போகும் வழியில்
குளிர்காலத்துக் குழாய் மாதிரி ஓர் அடைப்பு.
உள்ளே ஒரு கம்பிச்சுருளை வைத்து
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
"கொழுப்பைக் குறைக்கவும்" என்றது சீட்டு.
துலம்சூரேன் அதை இரண்டு அர்த்தத்திலும் படித்தாள்.
உலான்பாதர் தெருக்களில்
முப்பத்தொரு வருடம் டிராலிபஸ் ஓட்டியவனிடம்
இரண்டுமே இருந்தன.

அன்றிலிருந்து வாணலிக்கு எண்ணெய் கிடையாது.
வெறும் இரும்பில் விழும் ஆட்டுக்கறி.
சூட்டைத் தணித்தே வைப்பாள்.
அவசரப்பட்டால் மேலே கருகும்,
கொழுப்பு உள்ளேயே பதுங்கிக்கொள்ளுமாம்.
அது உருகத் தொடங்கியதும்
வாணலியின் ஒரு பக்கத்தைத் தூக்கி
ஆட்டின் கணுக்காலெலும்பு ஒன்றை முட்டுக் கொடுப்பாள்.
மகள் சின்ன வயதில் உருட்டி விளையாடிய எலும்பு:
ஒரு பக்கம் குதிரை, ஒரு பக்கம் ஒட்டகம்,
அப்புறம் செம்மறி, வெள்ளாடு.
குதிரை விழுந்தால் அதிர்ஷ்டம்.
இவள் வைப்பது எப்போதும் ஒட்டகம்.
உயரம் சரியாக இருக்கிறதாம்.

மேட்டில் கறி, பள்ளத்தில் நெய்.
பள்ளத்தைக் கரண்டியால் அள்ளுவாள்.
அள்ளியும் மினுங்குவதை
ரொட்டியின் ஓரத்தால் ஒற்றி எடுப்பாள்.
அந்த ரொட்டி எனக்கல்ல,
கீழ்வீட்டு நாய்க்கு.

சூப் என்றால் வேறு வழி.
ராத்திரி பானையைப் பால்கனியில் வைப்பாள்.
வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
ஒரு மணி நேரம்தான், அலாரம் வைத்து எழுவாள்.
விட்டால் எல்லாமே கல்.
மூடியைத் திறந்தால்
தூல் ஆற்றின் மேல் படிந்தது போல வெள்ளைப் பாளம்.
ஓரத்தில் கத்திமுனையைச் செருகி
உடையாமல், வட்டம் குலையாமல் தூக்குவாள்.
அதில் அவளுக்கு ஒரு தனிப் பெருமை.
வெளியே அலமாரியில் அடுக்கி
கதவில் சாக்பீஸால் ஒரு கோடு.

மிஞ்சிய சாறு கண்ணாடி போலிருக்கும்.
குடித்தால்
பக்கத்து அறையில் யாரோ
ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது போலிருக்கும்.

வெள்ளை மாதம் பிறக்கும் முன் அண்ணன் லுவ்சான் வந்தான்,
கோணிப்பையில் உறைந்த செம்மறி வாலோடு.
தொப்பி அளவு வால், முழுக்கக் கொழுப்பு.
விருந்தாளியின் முதல் துண்டு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.
இவள் வைத்ததோ
சுருங்கி, பழுப்பேறி, துடைத்தெடுத்த கறி.
ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இந்த ஆடு எந்த நோயில் செத்தது?"
"ஆடு நன்றாகத்தான் இருந்தது.
சாகப் பார்த்தது உங்கள் தம்பி."

அவன் கோபப்படவில்லை.
போன வசந்தத்தில் நானூறு உருப்படிகளைப்
பனிக்குப் பறிகொடுத்தவன்.
விலாவைத் தடவிப் பார்த்தே
எது மறுநாள் எழாது என்று சொல்லக் கற்றவன்.
என் விலாவில் கை வைத்தான்.
"பன்னிரண்டு கிலோ குறைத்திருக்கிறேன்" என்றாள்
ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவளாக.
அவன் கையை எடுக்க நேரமானது.

கிளம்பும் காலை பால்கனிக் கதவைப் பார்த்தான்.
"பதினொன்றா? என்ன செய்வாய் இவற்றை?"
"தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும்.
குப்பையில் போடக் கை வரவில்லை."
துணியை விரித்துச் சுற்றிக் கட்டினான்.
சேணத்துக்குக் கொஞ்சம், பூட்சுக்குக் கொஞ்சம்,
நாய்களுக்குக் கொஞ்சம்.
"மிச்சம் எனக்கு. என் குழாய் இன்னும் திறந்துதான் இருக்கிறது."
வாலை அலமாரியிலேயே விட்டுப் போனான்,
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று நாள் கழித்துத் தொலைபேசியில் வந்தான்.
வழியில் பனிக்காற்று, வண்டி நின்றது, சேர்ந்துவிட்டேன்,
அப்புறம், சிரித்துக்கொண்டே,
"மூட்டையில் பத்துதான் இருந்தது."
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், என் முட்டாள்தனம்.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.
துலம்சூரேன் அடுப்பிலிருந்து திரும்பவில்லை.
கறி முனகிக்கொண்டிருந்தது.
வாணலியைச் சற்றே தூக்கி
எலும்பைப் புரட்டி வைத்தாள்,
குதிரை மேலே.